டேனியல் ஏமஸ்: சர்ச்சுக்கும் ஆகாத, ரேடியோவுக்கும் ஆகாத ஒரு பேண்டின் கதை

இது கொஞ்சம் நீளமான இழை. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

வழக்கமா சர்க்கரை, பிரஷர், தூக்கம்னு எழுதுற நான் இன்னிக்கு ஒரு அமெரிக்க ராக் பேண்ட் பத்தி எழுதப் போறேன். "டாக்டருக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு.

போன மாசம் ஓபியில் ஒரு அம்மா. ஐம்பது வயசு இருக்கும். கால் விரலில் புண். சர்க்கரை 480. "இன்சுலின் போடுறீங்களாம்மா?" என்றேன். "நிறுத்திட்டேன் சார், குணமாயிடுச்சுன்னு சொன்னாங்க" என்றார். யார் சொன்னாங்க? டிவியில் வரும் ஒருவர். திரையில் கை வைக்கச் சொன்னாராம், இவரும் வைத்தாராம். எந்த மதம்னு கேட்காதீங்க. எல்லாத்துலயும் இந்த வியாபாரம் இருக்கு. விரல் தப்பியது, அது வேற கதை.

அன்று இரவு வீட்டுக்கு வந்து நான் போட்டுக் கேட்டது 1983-ல் வந்த ஒரு ஆல்பம். அதில் ஒரு பகுதியின் தலைப்பு "ஆட்டோகிராஃப்ஸ் ஃபார் தி சிக்". நோயாளிகளுக்கு ஆட்டோகிராஃப்! தலைப்பிலேயே ஊசி ஏத்திட்டாங்க. இதை எழுதினது ஒரு நாத்திகக் கூட்டம் இல்லை. சர்ச்சில் பிறந்து வளர்ந்த, பக்தியுள்ள ஒரு கிறிஸ்தவ இசைக்குழு. பெயர் டேனியல் ஏமஸ்.

பழைய ஏற்பாட்டின் இரண்டு தீர்க்கதரிசிகளின் பெயரைச் சேர்த்து வைத்த பெயர் அது. ஆமோஸ் புத்தகத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், ஏழைகளை மிதித்துவிட்டுப் பண்டிகை கொண்டாடுபவர்களைப் பார்த்துக் கொதிக்கிற குரல் அது. பெயர் வைக்கும்போது இவ்வளவு யோசித்தார்களோ என்னவோ, பின்னால் அது ரொம்பப் பொருந்திப் போச்சு.

சரி, ஆரம்பத்துக்குப் போவோம்.

1960-களின் இறுதி, தெற்கு கலிபோர்னியா. நீண்ட முடி, கிழிந்த ஜீன்ஸ், போதைப்பொருள் என்று சுற்றிய ஹிப்பி இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக இயேசுவிடம் திரும்புகிறார்கள். "ஜீசஸ் இயக்கம்" என்று வரலாறு இதைச் சொல்கிறது. கோஸ்டா மெசா ஊரில் சக் ஸ்மித் என்ற போதகர் நடத்திய கால்வரி சேப்பல் இவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. வெறுங்காலோடு வந்தவர்கள் கிட்டாரையும் கூடவே கொண்டு வந்தார்கள். அந்தப் பாடல்களைப் பதிவு செய்ய 1971-ல் மரநாதா மியூசிக் என்ற நிறுவனமே உருவானது.

அந்தச் சூழலில் 1970-களின் நடுவில் சேர்ந்த குழுதான் இது. பாட்டு எழுதிப் பாடுபவர் டெரி ஸ்காட் டெய்லர். கூடவே ஜெரி சேம்பர்லின், மார்ட்டி டீக்மேயர், ஸ்டீவ் பாக்ஸ்டர். 1976-ல் வந்த முதல் ஆல்பம் முழுக்க கன்ட்ரி இசை. கவ்பாய் தொப்பி போட்டுக் கேட்க வேண்டிய ரகம். சர்ச் மக்களுக்கு ரொம்பப் பிடித்தது. 1977-ல் "ஷாட்கன் ஏஞ்சல்". இதில் முதல் பக்கம் கன்ட்ரி, தட்டைத் திருப்பிப் போட்டால் உலக முடிவைப் பற்றிய ஒரு ராக் ஆபரா! ஒரே இசைத்தட்டில் இரண்டு பேண்ட் இருப்பது போல இருக்கும். பையன்கள் இனி கன்ட்ரியில் தங்க மாட்டார்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்த ஆல்பத்தின் பெயர் "ஹொரெண்டஸ் டிஸ்க்". அதாவது கொடூரமான தட்டு. பெயர் ராசியோ என்னமோ, அதற்கு நடந்ததும் கொடூரம்தான்.

1970-கள் முடிவதற்குள் பதிவு முடிந்துவிட்டது. ஆனால் மரநாதா அந்த நேரத்தில் ராக் இசையிலிருந்து விலகி வழிபாட்டுப் பாடல்கள் பக்கம் போகிறது. ஆல்பம் லேரி நார்மன் நடத்திய சாலிட் ராக் நிறுவனத்துக்குப் போகிறது. நார்மன் சாதாரண ஆளில்லை. 1969-லேயே ஆல்பம் போட்டு, கிறிஸ்தவ ராக் இசையின் முன்னோடி என்று பெயர் எடுத்தவர். ஆனால் ஆல்பம் வரவில்லை. மாதங்கள் போயின, வருஷமும் போனது. ஏன் என்பதற்கு இரு தரப்பும் வெவ்வேறு கதை சொன்னார்கள், அந்த மனக்கசப்பு பல வருடம் நீடித்தது. கடைசியில் 1981-ல்தான் தட்டு கடைக்கு வந்தது.

நம்ம ஊர்ல எடுத்து முடிச்ச படம் டப்பாவில் தூங்கும் பாருங்க, அதே கதைதான். இசையில் இது இன்னும் மோசம். 1978-க்கும் 1981-க்கும் நடுவில் பாப் உலகமே வேறாகிவிட்டது. பங்க் வந்து போய், நியூ வேவ் வந்துவிட்டது. இறுக்கமான தாளம், வெட்டி வெட்டி ஒலிக்கும் கிட்டார், பதற்றமான குரல், எல்லாவற்றுக்கும் மேலே சிந்தசைசர். டெய்லரும் நண்பர்களும் அந்த இசைக்கு மாறி, புதிய ஆல்பத்தையும் வேறு நிறுவனத்தில் முடித்துவிட்டார்கள். விளைவு? பழைய ஆல்பமும் புதிய ஆல்பமும் அதே 1981-ல் அடுத்தடுத்து கடைக்கு வந்தன. கன்ட்ரி பேண்ட் என்று நினைத்து வாங்கப் போனவர் என்ன நினைத்திருப்பார்!

அந்தப் புதிய ஆல்பம்தான் "அலார்மா". ஸ்பானிஷில் அபாயச் சங்கு. இங்கேதான் உண்மையான கதை தொடங்குகிறது.

இதை நான்கு பாகங்கள் கொண்ட வரிசையாகத் திட்டமிட்டார் டெய்லர். "அலார்மா" 1981, "டாப்பல்கேங்கர்" 1983, "வாக்ஸ் ஹ்யூமானா" 1984, "ஃபியர்ஃபுல் சிமெட்ரி" 1986. ஒவ்வொரு தட்டோடும் டெய்லர் எழுதிய கனவு போன்ற ஒரு கதையின் அடுத்த அத்தியாயம் வரும். பாட்டு வாங்கினால் தொடர்கதை இலவசம். வாரப் பத்திரிகையில் தொடர்கதைக்குக் காத்திருந்து வளர்ந்த நமக்கு இது நல்லாவே புரியும்.

"அலார்மா" யாரைப் பார்த்து சங்கு ஊதுகிறது? வெளியே இருக்கும் பாவிகளைப் பார்த்து இல்லை. சர்ச்சுக்குள் வசதியாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து. பிரபலமாகத் துடிக்கும் நற்செய்திப் பாடகர்களைக் கிண்டல் செய்ய ஒரு பாட்டு. ஆன்மிகத்தில் குழந்தையாகவே இருந்துவிட்டவர்களைச் சொல்ல ஒரு பாட்டு. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கும் பசித்த முகங்களைப் பற்றி "ஃபேசஸ் டு தி விண்டோ". எல்லாம் இரண்டு மூன்று நிமிஷப் பாட்டு. துள்ளலாக ஆடிக்கொண்டே இருக்கும்போது எங்கேயோ குத்தும்.

வியாபார ரீதியாக இது கிட்டத்தட்ட தற்கொலை. அன்றைய அமெரிக்காவில் கிறிஸ்தவ இசைத்தட்டுகள் பெரும்பாலும் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில்தான் விற்கும். அங்கே வருபவர்கள் யார்? யாரைப் பார்த்துப் பாடுகிறார்களோ அவர்களேதான். மறுபக்கம் சாதாரண ராக் ரேடியோவுக்கு "சர்ச் பேண்ட்" என்றாலே அலர்ஜி. அவன் போடமாட்டான், இவன் வாங்கமாட்டான்.

இப்போ டாப்பல்கேங்கர். எனக்கு ரொம்பப் பிடித்த பாகம், கொஞ்சம் மருத்துவமும் இருக்கு, அதனால் இங்கே கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

டாப்பல்கேங்கர் ஜெர்மன் சொல். ழான் பால் என்ற எழுத்தாளர் 1796-ல் ஒரு நாவலில் பயன்படுத்தியது. உங்களைப் போலவே இன்னொருவர், உங்கள் இரட்டை. இது வெறும் பேய்க்கதை இல்லைங்க. தன் உருவத்தையே எதிரில் பார்ப்பதை மருத்துவத்தில் ஆட்டோஸ்கோப்பி என்போம். வலிப்பு நோய், ஒற்றைத் தலைவலி, மூளைக் கட்டி உள்ள சிலருக்கு அபூர்வமாக வரும். நம் உடல் எங்கே இருக்கிறது என்று மூளை போட்டு வைத்திருக்கும் கணக்கில் பிழை விழும்போது, "நான்" இரண்டாகத் தெரியும். டெய்லர் சொல்வது மருத்துவ இரட்டை இல்லை, ஒழுக்கத்தின் இரட்டை. ஞாயிறு காலை ஒரு முகம், திங்கள் காலை ஒரு முகம்.

ஆல்பம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? முந்தைய ஆல்பத்தில் இருந்த "கோஸ்ட் ஆஃப் தி ஹார்ட்" பாடலை அப்படியே தலைகீழாக ஓடவிட்டு, அந்த விசித்திர ஒலியின் மேல் டி.எஸ். எலியட்டின் "ஹாலோ மென்" கவிதையிலிருந்து பிறந்த புதிய வரிகளை டெய்லர் சொல்கிறார். தலைப்பு "ஹாலோ மேன்". உள்ளே ஒன்றுமில்லாத மனிதன்.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? அது வந்த காலத்தைப் பாருங்க.

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க சர்ச்சுகளில் ஒரு பீதி. ராக் இசைத்தட்டுகளைத் தலைகீழாக ஓட்டினால் சாத்தானின் செய்தி கேட்குமாம், அது நேரே பிள்ளைகளின் ஆழ்மனதுக்குப் போய்விடுமாம். ஊர் ஊராகக் கூட்டம் போட்டு தட்டுகளை எரித்தார்கள். விஷயம் அரசாங்கம் வரை போனது. 1982 ஏப்ரலில் கலிபோர்னியா சட்டமன்றக் குழு ஒன்று உட்கார்ந்து லெட் செப்பெலின் பாடலைத் தலைகீழாகப் போட்டுக் கேட்டது. ஆர்கன்சா மாநிலத்தில் எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்று மசோதாவே நிறைவேறியது. அப்போதைய ஆளுநர் பில் கிளின்டன் அதைத் திருப்பி அனுப்பியதால் சட்டமாகவில்லை.

அந்த நேரத்தில் ஒரு கிறிஸ்தவ பேண்ட், ஆல்பத்தின் முதல் பாட்டையே தலைகீழ் டேப்பில் போடுகிறது. தைரியம்தான்!

தலைகீழ் பேச்சில் உண்மையிலேயே செய்தி கேட்குமா? 1985-ல் கனடாவின் வோக்கி, ரீட் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். இருபத்திமூன்றாம் சங்கீதத்தையும் லூயிஸ் கேரலின் "ஜாபர்வாக்கி"யையும் பதிவு செய்து தலைகீழாகப் போட்டுக் காட்டினார்கள். கேட்டவர்களுக்குப் பேசுவது ஆணா பெண்ணா என்பது போன்ற விஷயங்கள் தெரிந்தன. அர்த்தம் மட்டும் பிடிபடவே இல்லை. ஆனால் "இதில் இந்த வாக்கியம் இருக்கு, கேளுங்க" என்று முன்கூட்டியே சொன்னால், கேட்டது! காது ஒலியைத்தான் கொண்டுவரும், சொல்லை மூளைதான் கட்டும். என்ன எதிர்பார்க்கிறதோ அதைக் கட்டிவிடும். மேகத்தில் யானை தெரிவதும், ஃபேன் சத்தத்தில் செல்போன் அடிப்பது போலக் கேட்பதும் இதே வேலைதான்.

அதே ஆல்பத்தில் "நியூ கார்" என்று ஒரு பாட்டு. டிவி பரிசுப் போட்டியில் கத்துவார்களே, அந்தத் தோரணையில். நம்பினால் கடவுள் கார் தருவார் என்று போதிக்கும் செழிப்புப் போதகர்களுக்கான அர்ச்சனை. "ஐ டிடின்ட் பில்ட் இட் ஃபார் மீ" என்று இன்னொன்று. மக்கள் காசில் பிரம்மாண்டக் கட்டடம் எழுப்பிவிட்டு "எனக்காகக் கட்டலையே" என்று சொல்லும் ஆட்களைப் பற்றி. நான் முதலில் சொன்ன ஆட்டோகிராஃப் சமாச்சாரமும் இங்கேதான்.

இது 1983. பிறகு என்ன நடந்தது பாருங்க.

1986-ல் பீட்டர் போபாஃப் என்ற டிவி சுகமளிப்பாளர் மேடையில் நின்று, முன்பின் தெரியாத ஆட்களின் பெயர், முகவரி, நோய் எல்லாவற்றையும் "தேவன் சொல்கிறார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டியின் குழு ஒரு ரேடியோ ஸ்கேனரோடு அரங்குக்குப் போனது. 39.17 மெகாஹெர்ட்ஸில் ஒரு பெண் குரல். போபாஃபின் மனைவி! நிகழ்ச்சிக்கு முன் மக்கள் நிரப்பிக் கொடுத்த ஜெபச் சீட்டுகளைப் பார்த்து அவர் படிக்க, கணவர் காதில் இருந்த சின்னக் கருவியில் அது கேட்க, மேடையில் அற்புதம். ராண்டி அந்த ஒலிப்பதிவை ஜானி கார்சனின் நிகழ்ச்சியில் நாடறியப் போட்டுக் காட்டினார். அடுத்த வருடம் போபாஃப் திவால். அதே 1987-ல் ஜிம் பேக்கரின் பிடிஎல் தொலைக்காட்சி சாம்ராஜ்யமும் சரிந்தது.

எல்லாம் அம்பலமான பிறகு கேலி செய்வது சுலபம். நாலு வருஷம் முன்னாடியே, அந்த மக்களிடமே தட்டு விற்று சாப்பிட வேண்டிய நிலையில் இருந்துகொண்டு பாடினார்கள் பாருங்க, அதற்கு வேறு மாதிரி முதுகெலும்பு வேண்டும்.

மூன்றாவது, "வாக்ஸ் ஹ்யூமானா". லத்தீனில் மனிதக் குரல். நால்வரிசையில் சிந்தசைசர் அதிகம் ஆட்சி செய்வது இதில்தான். ராப் வாட்சனின் கீபோர்டுகள், எட் மெக்டகார்ட்டின் டிரம்ஸ், டிம் சாண்ட்லரின் பேஸ் கிட்டார். சாண்ட்லர் வாசிப்பைத் தனியாகக் காதில் பிடித்துக் கேளுங்க. பின்னால் நிற்க வேண்டிய வாத்தியம் முன்னால் வந்து சண்டை போடும்.

1983-ல்தான் யமஹா டிஎக்ஸ்7 வந்தது, சுமார் 2,000 டாலர். வெவ்வேறு நிறுவனங்களின் மின்வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேச மிடி என்ற பொது மொழியும் அதே வருடம். பெரிய ஸ்டுடியோக்களின் சொத்தாக இருந்த ஒலிகள் சின்ன பேண்டுகள் கைக்கும் வந்தன.

இயந்திரம் நிறைந்த ஆல்பத்துக்கு மனிதக் குரல் என்று பெயர் வைத்தது முரண்பாடு போலத் தெரியும். ஆனால் வாக்ஸ் ஹ்யூமானா என்பது பழைய சர்ச் ஆர்கனில் இருக்கும் ஒரு குழாய் வரிசையின் பெயர். மனிதர்கள் பாடுவது போல ஒலிக்கச் செய்ய முயன்ற குழாய்கள். (உண்மையைச் சொன்னால் பல ஆர்கன்களில் அது ஆடு கத்துவது மாதிரிதான் இருக்கும்.)

இங்கே நம்ம துறைக்காரர் ஒருத்தர் வருகிறார். 18-ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமி ஒரு போட்டி வைத்தது. இந்த ஆர்கன் குழாய் மாதிரி உயிரெழுத்துகளைச் சொல்லும் கருவி செய்ய முடியுமா என்று. ஜெயித்தவர் கிராட்சென்ஸ்டைன், கோபன்ஹேகனில் பேராசிரியராக இருந்த மருத்துவர். வெவ்வேறு வடிவக் குழாய்கள் செய்து ஆ, ஏ, ஓ என்று ஒலிக்க வைத்தார். நம் தொண்டையும் அப்படித்தான் வேலை செய்கிறது. நுரையீரல் துருத்தி. குரல் நாண்கள் அதிரும் நாக்கு. தொண்டையும் வாயும் வடிவம் மாறும் குழாய். சிந்தசைசரைத் திறந்து பார்த்தால் அதே ஏற்பாடு. ஆசிலேட்டர் குரல் நாண், ஃபில்ட்டர் தொண்டை. இந்தக் கணக்கில் பார்த்தால் சிந்தசைசர் மனிதக் குரலுக்கு அந்நியமே இல்லை, ஒன்றுவிட்ட தம்பி.

அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டின் பெயரே சிரிப்பு. "எண்பதுகளாச்சே, எங்க ராக்கெட் பேக் எங்கே?" என்ற மாதிரி. சின்ன வயதில் பத்திரிகைகள் வாக்களித்த, முதுகில் மாட்டிப் பறக்கும் எதிர்காலம் வரவே இல்லையே என்ற ஏமாற்றம். பறக்கும் காரை எதிர்பார்த்துவிட்டு ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கும் பொருந்தும். கூடவே வில்லியம் பிளேக் பேரில் ஒரு பாட்டு. நான்காவது ஆல்பத்தின் தலைப்பே பிளேக்கின் புலிக் கவிதையிலிருந்து எடுத்ததுதான்.

அந்த நான்காவது, "ஃபியர்ஃபுல் சிமெட்ரி", கிண்டலைக் கீழே வைத்துவிடுகிறது. இருட்டான, பரந்த, கனவு மாதிரியான ஒலி. யாரையும் திட்டவில்லை. அறிய முடியாத ஒன்றின் முன்னால் நிற்கும் மனிதன் மட்டும். சிலருக்கு இதுதான் உச்சம். எனக்கு டாப்பல்கேங்கர். சண்டை வேண்டாம்.

1987-ல் "டார்ன் ஃப்ளோர், பிக் பைட்". சைகை மொழி கற்ற கோகோ என்ற கொரில்லா, நிலநடுக்கத்தைத் தனக்குத் தெரிந்த சொற்களில் சொன்னதிலிருந்து எடுத்த தலைப்பு. தரை கடித்துவிட்டதாம்! கடவுளைப் பற்றிப் பேச முயலும் மனிதனின் நிலையும் அந்தக் கொரில்லாவின் நிலைதான் என்பது டெய்லரின் பார்வை. ஆல்பம் விற்கவில்லை.

பிறகு 1988-ல் முகமூடி போட்டுக்கொண்டு ஸ்விர்லிங் எடீஸ் என்ற பெயரில் வந்தார்கள். எல்லோருக்கும் புனைபெயர். யார் யாரென்று ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

நம்மில் சிலர் டெய்லரின் இசையைத் தெரியாமலே கேட்டிருக்கலாம். 1996-ல் வந்த "நெவர்ஹுட்" என்ற களிமண் பொம்மை கம்ப்யூட்டர் கேம் ஞாபகம் இருக்கா? அதன் கிறுக்குத்தனமான இசை முழுக்க இவர் வேலை. காலேஜ் ஹாஸ்டலில், அனாடமி புத்தகத்தை மூடிவிட்டு, நண்பனின் கம்ப்யூட்டரில் அதை விளையாடியவன் நான். அந்த இசையின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் பல வருடம் கழித்து இந்த பேண்டிடம் வந்து சேர்ந்தேன்.

கிட்டார் வாசித்த கிரெக் ஃப்ளெஷ் நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில் வேலை செய்பவர். செவ்வாயில் ஓடும் கியூரியாசிட்டி ரோவர் மீத்தேன் தேடிய ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயர் இருக்கிறது. ராக்கெட் பேக் கேட்ட கூட்டத்தில் ஒருத்தருக்காவது ராக்கெட் பக்கம் வேலை கிடைத்தது!

டிம் சாண்ட்லர் 2018-ல் இறந்துபோனார். 2001-ல் 33 பாடல்களோடு ஒரு இரட்டை ஆல்பம், 2013-ல் ரசிகர்களே பணம் போட்டு வரவைத்த ஒரு ஆல்பம் என்று குழு நீண்ட இடைவெளிகள் விட்டு வந்துகொண்டே இருந்தது. நால்வரிசை ஆல்பங்கள் சமீப ஆண்டுகளில் கூடுதல் பதிவுகளோடு மறுபடி வெளியாகியிருக்கின்றன.

கேட்க ஆசைப்படுபவர்களுக்கு: முதலில் "அலார்மா", அப்புறம் "டாப்பல்கேங்கர்". ஹெட்போனில் கேளுங்க, ஆனால் சத்தத்தைப் பாதிக்கு மேல் வைக்காதீங்க. அந்த உள்காதில் இருக்கும் முடிசெல்கள் போனால் திரும்ப முளைக்காது.

அந்த அம்மா நேற்று ரிவ்யூவுக்கு வந்திருந்தார். சர்க்கரை 160. புண் ஆறி வருது. பிரார்த்தனையையும் விடலை, இன்சுலினையும் விடலை.